ஆரஞ்சுத் தாள் ஒட்டிய கதவு

இடியாப்பம் ஆறிவிட்டது.

சூடாக இருக்கும்வரை அது இடியாப்பம்தான். ஆறியபின் கொஞ்சம் எண்ணெய் தடவினால் குடல். அட்டைப் பெட்டியில் கொட்டினாள். கை நுழையும் அளவுக்கு மேலே ஓர் ஓட்டை போட்டாள். அடுத்த பெட்டியில் தோலுரித்த திராட்சை. அது கண்.

கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்து ஜன்னல்களை மறைத்தாள். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்து மூலைகளில் ஒட்டினாள். இத்தனை வருடம் ஒட்டடை அடித்தவள், இன்று ஒட்டடை கட்டுகிறாள்.

சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

கணவர் ஆடியில் போனார். தீபாவளி இந்தக் குடியிருப்புக்கு வந்தது, இந்த வீட்டுக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. பலகாரத் தட்டுகள் அவள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தன.

பிறகு வாட்ஸப் குழுவில் அந்த அறிவிப்பு. ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வரலாம் என்கிற வீட்டார் கதவில் ஆரஞ்சுத் தாள் ஒட்டி வைக்கவும்.

வெள்ளைக்காரன் பண்டிகைக்கு ஏது தீட்டு?

யாராவது கேட்டால் இப்படித் திருப்பிக் கேட்கலாம் என்று வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

அவருடைய துணிகளையெல்லாம் கொடுத்தாயிற்று. இஸ்திரிக்காரர் மறந்துபோய்ப் பிந்திக் கொண்டுவந்த வேட்டி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. ஃபேனில் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்றாம் நம்பரில் வைத்தாள்.

மெல்லச் சுற்றியது.

பயமாக இல்லை. பயமாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

சொல்லப்போனால் இந்த வீட்டைப் பேய் வீடாக்க இவ்வளவு மெனக்கெடவே வேண்டியதில்லை. லிஃப்டிலிருந்து இறங்கும் பிள்ளைகள் இந்தக் கதவைத் தாண்டும்வரை ஓட்டமாக ஓடுவார்கள்.

பெரியவர்கள் ஓடுவதில்லை. வருவார்கள், உட்காருவார்கள், எழுந்து செருப்பைத் தேடுவார்கள். போயிட்டு வர்றேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

துக்க வீட்டில் சொல்லக் கூடாது. காரியம் முடியும்வரைதான் அந்தக் கணக்கு. ஆனால் இந்த வீட்டில் அது முடிந்ததாக யாருக்கும் தெரியவில்லை. கூடப்பிறந்த அண்ணன்கூடப் போன வாரம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு லிஃப்டுக்குள் போனான்.

சொல்லாமல் போகிறவர்கள் அப்படியே வராமலும் இருந்துவிடுகிறார்கள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையை யாராவது இந்த வாசலில் நின்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை இடியாப்பம்.

பொழுது சாய்ந்ததும் காரிடாரில் கூச்சல் கேட்டது. எதிர் வீட்டு மணி அடித்தது. பக்கத்து வீட்டு மணி. அவள் கறுப்புத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள்.

கால்கள் அவள் கதவுக்கு வெளியே நின்றன.

"இங்கயும் ஒட்டியிருக்குடி."

"ஐயோ, அந்த வீடா?"

சாத்தியிருந்த கதவு மெல்லத் திறந்தது.

முதலில் துடைப்பத்தோடு ஒரு சூனியக்காரி. பின்னால் ஓர் எலும்புக்கூடு. தலையணை உறை போட்ட ஒரு பொடியன் கண் ஓட்டை காதுப்பக்கம் போய்விட்டதால் சோபாவில் முட்டிக்கொண்டான். சூனியக்காரி பெட்டிக்குள் கைவிட்டாள்.

"குடலு! குடலு!"

வேட்டி முனை எலும்புக்கூட்டின் தலையைத் தடவிக்கொண்டு போனது. அவ்வளவுதான். அலறலும் சிரிப்புமாக எல்லோரும் வெளியே ஓடினார்கள். கதவு அறைந்து மூடிக்கொண்டது.

திரைக்கு வெளியே வந்து பார்த்தாள். சாக்லேட் தட்டு அப்படியே இருந்தது. பேயாக நின்றதில் கொடுக்க மறந்துவிட்டாள். வாயைக்கூடத் திறக்கவில்லை. அவ்வளவு நல்ல பேய்.

பேய் வீட்டிலிருந்து எவர் சொல்லிக்கொண்டு போவார்கள்?

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

துப்பட்டாவை எடுக்காமலே உட்கார்ந்து ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

மணி அடித்தது.

சூனியக்காரி. தொப்பி சரிந்திருந்தது. மூன்றாம் மாடிப் பெண், தர்ஷிகா.

"ஆன்ட்டி, நீங்க சாக்லேட்டே குடுக்கல."

தட்டோடு கவிழ்த்தாள். பை நிறைந்தது. குழந்தை உள்ளே எட்டிப் பார்த்தது. வேட்டி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வர்றேன் ஆன்ட்டி."

லிஃப்ட் பக்கத்திலிருந்து அதன் அம்மா பதறினாள். "ஏய் தர்ஷிகா, அங்கெல்லாம் அப்படிச் சொல்லக்..." வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏம்மா? தம்பி தலையணை உறைக்குள்ள இருந்ததால ஒண்ணுமே பாக்கல. நாளைக்கு அவனக் கூட்டிட்டு வரணும்ல?"

அவள் துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"போயிட்டு வா கண்ணு."

நினைத்ததைவிடக் குரல் சத்தமாக வந்துவிட்டது. காரிடார் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

லிஃப்ட் கீழே போனது.

நாளைக்கு ஹாலோவீன் இல்லை. எல்லாக் கதவுகளிலும் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் கதவிலிருந்த தாளின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினாள்.

பிறகு, அரிசி மாவு மீதி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.