பத்தொன்பதாவது துண்டு

அக்காவும் தங்கையும் தையல்கடைகளில் வெட்டி மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டு, விற்பனைக்குப் போகும் போர்வைகளின் அடிப்பக்கத்தைத் தைப்பார்கள். பதினெட்டுத் துண்டு எண்ணி வைத்துத் தைத்தாலும் முடிவில் பத்தொன்பது இருக்கும். கூடுதலாக வருவது எப்போதும் மஞ்சள் பூப்போட்ட துணி. நான்கு வருடங்களுக்கு முன் அக்கா தன் ஆறு வயது மகளைப் புதைத்தபோது போட்டுவிட்ட கவுனின் துணி. ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்தெடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாள்.

"இன்னைக்கு ஒருநாள் விட்டுடுக்கா. கை ஓஞ்சுபோச்சு," என்றாள் தங்கை.

"விட்டா யார் வீட்டுக்கோ போயிடுவாடி."

அக்காவே பிரித்தாள். இம்முறை வந்திருந்தது கவுனின் தோள்பகுதி. பழக்கதோஷத்தில் டேப் வைத்து அளந்தாள். பத்து வயதுப் பிள்ளையின் அளவு. இன்னும் வளர்ந்தால் பிரித்துவிட வசதியாக, யாரோ இரண்டு விரற்கடை துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார்கள்.