உம் கொட்டுகிறவள்
இன்றைக்கு மூன்றாவது தடவையாக அதே கதை. மதிய வெயில் தகரக் கூரை வழியாக இறங்கி, கூடத்தின் காற்றை அவித்துக்கொண்டிருக்கிறது. மேடையில் அக்காள் கதை சொல்கிறாள். மடியில் சிறு மேளத்தோடு தங்கை உம் கொட்டுகிறாள். இருபத்திரண்டு வருடமாக அந்த உம் தவறியதில்லை. அக்காளின் இமை தானாகச் சரிகிறது. காய்ச்சலில் படுக்க வேண்டிய ராணியை, அசதியில், "செத்துப் போனா" என்று சொல்லிவிடுகிறாள். கடைசியில் அரியணை ஏற வேண்டியவள் அந்த ராணி. கூட்டத்தின் முன் சொன்ன சொல்லை விழுங்கக் கூடாது என்பது இந்தக் குழுவின் சட்டம்; கதைக்காரி தடுக்கினால், உம் கொட்டுகிறவள்தான் ஒரு கேள்வி கேட்டுத் தூக்கிவிட வேண்டும். அக்காளின் கழுத்தோரம் வியர்வை ஓடுகிறது. மின்விசிறி கடகடக்கிறது. தங்கை முந்தானையால் மேளத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகக் கேட்கிறாள்: "ஏன்க்கா, செத்தது ராணியா, இல்ல ராணி மாதிரி வேஷம் போட்டுப் படுத்திருந்த தங்கச்சியா?" அக்காள் கப்பென்று பிடித்துக்கொள்கிறாள். "தங்கச்சிதான்டி!" "பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருந்தா. போகட்டும், விட்டுடுக்கா." தங்கை இதைச் சொன்னது மேடைக் குரலில் இல்லை. அக்காள் முதல் தடவையாகக் கூட்டத்தை விட்டுவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். "அவ போயிட்டா, ராணி சொல்றதுக்கெல்லாம் யாருடி உம் கொட்டுவா?" கூட்டம் சிரிக்கிறது. தங்கையின் விரல்கள் மேளத்தோலின் மேல் அசையாமல் கிடக்கின்றன. சிரிப்பு அடங்கியும் அக்காள் அடுத்த வரிக்குப் போகவில்லை. அந்த ஓர் உம்முக்காகக் காத்திருக்கிறாள்.