வாசலோடு சரி

ராய்ஸின் பழைய கோட்டும் பூட்ஸும் மிச்சிகன் பனியில் வந்து விழுந்தன. வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றாள் மாமியார் வெல்மா.

"ஜெயில்ல இருந்து வந்தவனுக்கு இது என்ன சத்திரமா? பொறுக்கிகிட்டு நடையைக் கட்டு!"

மூன்று வருடம் கழித்து அன்று காலையில்தான் ராய்ஸ் வெளியே வந்திருந்தான். உரிமம் இல்லாத கைத்துப்பாக்கியைக் கார் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த குற்றம். சிறை வாசலில் காத்திருந்து அழைத்து வந்த மனைவி ஷெல்பி, பாவம், அவன் கையைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றாள்.

பின்னாலேயே காரில் வந்து இறங்கியிருந்தார் பரோல் அதிகாரி ஹாஸ்கின்ஸ்.

"என்னம்மா இது? உங்க வீட்லதான் தங்கப்போறேன்னு சொல்லியிருக்கான். இன்னிக்கு மான் வேட்டை ஆரம்பம், ஊரே காட்டுல கிடக்கு. நான் மட்டும் இங்க பஞ்சாயத்துப் பண்ணணுமா? நகருங்க, வீட்டை ஒரு சுத்து பார்த்துட்டுக் கிளம்பறேன்."

"அவன் இங்க தங்கினாத்தானே நீங்க பார்க்கணும்? தங்கலை. ரெண்டு பேரும் வாசலோட சரி!"

"அத்தே..." ராய்ஸ் கெஞ்சினான். "தங்க இடம் இல்லேன்னா திரும்ப உள்ளே போட்டுடுவாங்க. இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

"போயேன்! அங்க சாப்பாடு சும்மாதானே?"

"தம்பி இருந்தா உன்னை இப்படிப் பேச விடுவானாம்மா?" ஷெல்பி கத்தினாள்.

"அடிச்ச மானைத் தூக்கிகிட்டு அவன் கறிக்கடைக்குப் போயிருக்கான். இருந்தா மட்டும் என்ன கிழிச்சிடுவான்? இது என் வீடுடி."

ஹாஸ்கின்ஸ் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார்.

"ராய்ஸ், இன்னிக்கு ராத்திரி சர்ச் விடுதியில படு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வீட்டைக் காட்டணும். குடி கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. துப்பாக்கி இருக்கிற கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது, அது யாரோடதா இருந்தாலும். ஒண்ணு தப்பினாலும் உள்ளேதான். ஏறு வண்டியில."

ராய்ஸ் கோட்டை எடுத்து உதறினான். மாமியாரை ஒருமுறை முறைத்தான். அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு வண்டியில் ஏறினான்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" ஷெல்பி படியேறி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவரு மறுபடி உள்ளே போனா, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

வெல்மா அவள் கையை விலக்கினாள். கார் தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தாதே. உன் தம்பி துப்பாக்கியைச் சோபா மேலயே போட்டுட்டுப் போயிருக்கான்டி."