ஒரு பேருதானே

முதல் பக்கத்தைத் தானே தட்டச்சு செய்து முடித்துவிட்டு, நேதன் காபி கேட்டார்.

மனைவி எஸ்டெலுக்கு ஆச்சரியம். ஏழு வருஷமாக முதல் பக்கம் அவள் வேலை. திரைக்கதையை அவர் எழுதுவார். அதன்மேல் வேறு யாராவது ஒருவன் பெயரை அவள் அடிப்பாள். இரவல் பெயரை என் விரல் அடிக்காது என்பார்.

காபியோடு திரும்பி வந்தபோது அவர் தலை மேஜைமேல் சாய்ந்திருந்தது.

அவரை அடக்கம் செய்த மூன்றாவது வாரம் தயாரிப்பாளர் ஹால் ப்ரூயிட் வந்தான். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் நேதனோடு செஸ் ஆட வருபவன். நேதன் சிறைக்குப் போனதிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வாஷிங்டனில், கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழு கேட்ட ஒரு கேள்விக்கு நேதன் பதில் சொல்லவில்லை. பத்து மாதம் சிறை. அதன்பிறகு ஹாலிவுட்டில் எவரும் அவர் பெயரைத் தொடவில்லை. அவருடைய இரண்டு நாவல்களும் நூலக அலமாரியிலிருந்து காணாமல் போயின.

அந்தப் பத்து மாதத்தில் ஹால் மூன்று படம் எடுத்தான்.

திரைக்கதையை அவன் உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தான். கண் கலங்கியிருந்தது.

"அவன் எழுதினதுலயே இதுதான் உச்சம்."

பிறகு தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தான். முதல் தாள் இன்னும் அதில்தான் இருந்தது.

"அதை மட்டும் மாத்திக் குடுத்துடு, எஸ்டெல். எப்பவும் செய்யறதுதானே. இந்தப் பேரோட போனா ஒரு தியேட்டர்லயும் ஓட்ட மாட்டான்."

"மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதே. படமே வராமப் போயிடும். ஒரு பேருதானே?"

எஸ்டெல் அவன் மடியிலிருந்த தாள்களை எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள்.

"அவர்கிட்டயும் அப்படித்தான் கேட்டாங்க, ஹால். ஒரே ஒரு பேருதானே, சொல்லிட்டு வீட்டுக்குப் போன்னாங்க. பத்து மாசம் உள்ள இருந்தாரு. சொல்லல."

யாருடைய பெயர் என்று ஹால் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, அதைத் தலையில் வைக்காமலே வெளியே போனான்.

கார் கிளம்பும் சத்தம் ஓயும்வரை அவள் நின்றிருந்தாள். பிறகு தாள்களை இயந்திரத்தின் பக்கத்தில், அவர் வைத்திருந்த இடத்திலேயே வைத்தாள்.

தாளில் படத்தின் தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே, எழுதியவர்: நேதன் கெஸ்லர்.