ஆறாகப் பிரித்த பணம்

"ஆறு கம்பெனியில போட்டிருக்கீங்க. ஆனா ஆறும் ஒரே மாதிரி ஃபண்டு. விழுந்தா எல்லாம் சேர்ந்தே விழும், டீச்சர்!" என்றார் முதலீட்டு ஆலோசகர்.

ஓய்வுபெற்ற டீச்சர் தலையாட்டினார்.

"மொத்தத்தையும் எங்ககிட்ட மாத்துங்க. பங்கு, கடன் பத்திரம், தங்கம்னு பிரிச்சுப் போட்டுடறோம். எல்லாமே ஆப்லதான். எந்த ஏஜென்ட்டும் போன் போட்டு உயிரை எடுக்க மாட்டான்."

கையெழுத்துப் போடப் போன டீச்சரின் பேனா நின்றது.

"போனே வராதா?"

"சத்தியமா வராது!"

டீச்சர் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"வேண்டாம் தம்பி. திங்கள்ல இருந்து சனி வரைக்கும், ஆளுக்கு ஒருநாள்னு ஆறு ஏஜென்ட்டுக்கும் டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருக்கேன். 'சாப்பிட்டீங்களாம்மா'ன்னு கேட்டுட்டுத்தான் ஃபண்டு பத்தியே பேசுவாங்க."

ஆலோசகரின் அலுவலக வாசல்வரை போன டீச்சர் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ற கம்பெனி ஏதாவது இருக்கா?"