கிதிரின் கை

"இன்னைக்கும் சரக்கைத் தள்ளிட்டாவன்னா, உன்னை நிறுத்திரணும்னு மதராஸ்ல சொல்லிட்டாவ கிதிரு. எனக்கு வேற வழி தெரியல."

நல்லக்கண்ணு அண்ணாச்சி இதைக் கிதிர் முகம்மதுவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. லேத்தைப் பார்த்துச் சொன்னார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். குற்றாலம் ரோட்டில் மேலகரத்தை ஒட்டி இருந்த அண்ணாச்சியின் கடைசல் பட்டறைக்குப் பட்டாள லாரிகளுக்கான புஷ் செய்யும் வேலை வந்திருந்தது. நடுவில் துளை போட்ட சின்னப் பித்தளை உருளைதான் புஷ். துளை மயிரிழை தவறினாலும் மதராஸில் ஏற்கமாட்டார்கள். அளவு பார்க்கச் சர்க்காரே ஓர் எஃகுக் குச்சி கொடுத்திருந்தது. அதற்குப் பெயர் கேஜ். அது துளைக்குள் தானாக இறங்க வேண்டும். கையால் அமுக்கி இறக்கினால் அது அளவில் சேராது.

ஆரம்பத்தில் அனுப்பியதெல்லாம் மறுபேச்சில்லாமல் தேறியது. சாரல் தொடங்கிய பிறகுதான் சனி பிடித்தது. போன பெட்டியெல்லாம் 'அளவு சரியில்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் கேஜ் போட்டுப் பார்த்துதான் அனுப்புதேன் மொதலாளி."

"தெரியும்லே. நானும் பக்கத்துல நின்னு பார்க்கத்தானே செய்யுதேன். இங்கன சரியா இருக்கது அங்கன போனா எப்படித் தப்பாவுது?"

கிதிர் தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

"இந்தக் கைதான் மொதலாளி. எனக்கே தெரியாம கேஜை அமுக்குதோ என்னமோ. விரலுக்கு உணர்ச்சி போயிட்டோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயம் வீடு வரைக்கும் அவனோடு போய்க்கொண்டிருந்தது. சாப்பிடும்போது மீனில் முள் எடுத்த பிறகும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். அவன் மனைவி சைதூன் பீவி பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். கடைசல்காரனுக்குக் கை போய்விட்டது என்று ஊரில் பரவினால், அப்புறம் எந்தப் பட்டறையில் அவனைச் சேர்ப்பார்கள்?

"மனசை விடாத. நானும் சும்மா இருக்கல. உலகம்மைத் தாயி நம்மளைக் கைவிட மாட்டா" என்றார் அண்ணாச்சி. அவர் குரலும் அவ்வளவு திடமாக இல்லை.

வெளியே கார் வந்து நின்றது. மதராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஏசுதாசன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சொந்த ஊர் நாசரேத். பேச்சு நம் பக்கத்துப் பேச்சுதான், சிரிப்புத்தான் கிடையாது.

"தயாரா இருக்க சரக்கை எடுங்க."

கிதிர் பெட்டியைத் திறந்து வைத்தான். ஏசுதாசன் தன் பையிலிருந்து சொந்தக் கேஜை எடுத்து முதல் புஷ்ஷில் வைத்தார். இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. நாலைந்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

கிதிர் சுவரில் தொங்கிய தன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இனி யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை.

"கொஞ்சம் பொறுங்க. உங்க கேஜைக் கொண்டாங்க" என்றார் ஏசுதாசன்.

அது வந்தது. அதே புஷ்ஷில் வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் நெற்றி சுருங்கியது. மைக்ரோமீட்டரை எடுத்து அந்தக் கேஜையே அளந்தார். துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"இதை யாரு புழங்குதது?"

"நான்தான் சார்" என்றான் கிதிர்.

"உங்க பேரென்ன?"

"கிதிர் முகம்மது."

"சட்டையைத் திரும்ப மாட்டுங்க கிதிரு. உங்க கையில ஒரு குத்தமும் இல்ல. கேஜ் என்ன சொல்லிச்சோ அதைத்தான் நீங்க கடைஞ்சிருக்கிய. கேஜுதான் தேய்ஞ்சு மெலிஞ்சு போயிருக்கு."

கிதிர் அப்படியே லேத்தின் மேல் சாய்ந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சட்டையாலேயே துடைத்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு" என்று ஏசுதாசன் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "துளைக்குள்ள போய் வாரதுல இது இவ்வளவு சீக்கிரம் தேயாது. யாரோ வேணும்னே ராவித் தேய்ச்சிருக்கணும். சண்டைக் காலம், சர்க்கார் சாமான். ஆள் யாருன்னு தெரிஞ்சாகணும். வேலை முடிஞ்சா இது எங்க இருக்கும்?"

"என் வீட்டுல, சாமி அறையில சார். வேற ஒரு கை அதுல பட விடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் அண்ணாச்சியின் முகம் மெல்ல வெளுத்தது. பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரல் ஈரத்துல அதுல லேசாத் துரு தெரிஞ்சுது சார். பூசையில மங்கலா வைக்க மனசு வரல. உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சுப் பொட்டு வைப்பேன். மொதல்ல வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார். சரக்கு திரும்பி வர ஆரம்பிச்ச பொறவு, கிதிருக்கு வேலை நிலைக்கணும்னு தெனமும் தேய்க்கேன்."