முள் இறங்கிய இடம்

புளியரையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மாஜிதா ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. பக்கத்து இருக்கையில் எப்சிபாவின் முதுகு பின்னால் ஒட்டிக்கொண்டது. அவள் கண் மட்டும் அசையவில்லை. முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருந்த பெட்ரோல் பிரஷர் மீட்டரையே அது பார்த்துக்கொண்டிருந்தது.

முள் உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே நின்றது. பெட்ரோல் ஒழுங்காகப் போகிறது.

"இங்கயும் ஒண்ணும் இல்லக்கா. திரும்பிருவோமா?"

மாஜிதா கியரை மாற்றி மேலே ஏறினாள்.

எப்சிபா தென்காசியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். இந்தக் கார் காலையில்தான் அவளிடம் வந்தது. மாஜிதாவின் வீட்டுக்காரர் சமீர், போன தடவை துபாயிலிருந்து வந்தபோது கொச்சியில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அவர் திரும்பிப் போன பிறகு பண்பொழி வீட்டில் உறை மாட்டி நின்றதாம். ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு வண்டியில் குறையே இல்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

வண்டியில் மாட்டிப் பார்த்த எப்சிபாவின் கம்ப்யூட்டரும் அதையேதான் சொன்னது.

விற்கப் போகிறார்கள் போல, அதற்குத்தான் இத்தனை கவனம் என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள். ஆனால் விற்க நினைப்பவர்கள் 'குறை இல்லை' என்றால் சந்தோஷப்படுவார்கள். இவள் முகம் இருண்டுபோனது.

"நிறுத்தி வச்சுப் பாத்தா தெரியாது. ஏத்தத்துல பாக்கணும். நாந்தான் ஓட்டுவேன்" என்றாள் மாஜிதா. ஏசி ஓட வேண்டும், நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது என்று இன்னும் இரண்டு நிபந்தனைகள்.

எஸ் வளைவு வந்தது.

முன்னால், கேரளாவுக்குப் பாறைக்கல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. மாஜிதா ஹாரன் அடித்து வலப்பக்கம் ஏறினாள். லாரியின் பாதி நீளத்தை எட்டியபோது முள் நடுங்கியது.

எப்சிபா முன்னால் குனிந்தாள்.

முள் கொஞ்சம் இறங்கியது. ஏறியது. பிறகு கிணற்றில் போட்ட கல்லைப் போல நேரே கீழே போனது.

இன்ஜின் இருமியது. கார் லாரிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு நின்றாற்போல் இருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"காலை எடுங்கக்கா! காத்து மட்டும் உள்ள போவுது, பெட்ரோல் வரல. இன்ஜின் உருகிரும்!"

மாஜிதா காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். தரையோடு தரையாக அழுத்தினாள்.

மேலே வளைவில் ஒரு பஸ்ஸின் முகம் தெரிந்தது. ஹாரன் மலை முழுக்க அலறியது.

"எக்கா!"

கடைசி நொடியில் மாஜிதா பிரேக்கை மிதித்தாள். லாரி முன்னால் நகர, கார் அதன் பின்னால் ஒதுங்க, பஸ் கண்ணாடியை உரசுவதுபோலக் கடந்து போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினார்.

சாலை கொஞ்சம் அகன்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். எப்சிபாவுக்கு நாக்கின் நுனி வரை கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

மாஜிதா பயந்தவளாகத் தெரியவில்லை. முள்ளை ஒரு விரலால் காட்டினாள்.

"விழுந்துச்சுல்லா? நீயும் பாத்தல்லா?"

"பாத்தேன்" என்றாள் எப்சிபா. அந்தக் குரலைக் கேட்டபின் திட்ட வாய் வரவில்லை.

இறங்கிப் பின்சீட்டைத் தூக்கினாள். பெட்ரோல் பம்புக்குப் போகிற வயரின் இணைப்பைத் தொட்டதும் கையை உதறினாள். கொதித்தது. துணியால் பிடித்துக் கழற்றி எடுத்தாள். பிளாஸ்டிக் உருகி, உள்ளே கம்பி கருத்துப் போயிருந்தது.

"இதான்க்கா. குளிர்ந்து கெடந்தா கரண்ட் ஒழுங்காப் போவும். சூடாகி ஏத்தத்துல மிதிச்சா போவாது. பம்பு செத்த மாதிரி ஆயிரும். அதான் நிறுத்தி வச்சுப் பாத்த யாருக்கும் தெரியல. வேற வயர் வச்சிருக்கேன், போட்டா முடிஞ்சுது."

மாஜிதா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இது இன்னிக்கு உருகினதா? இல்ல, முன்னமே உருகினதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

விசித்திரமான கேள்வியாக இருந்தது. எப்சிபா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உருகி வழிந்த இடத்தில் கெட்டியாகத் தூசி படிந்திருந்தது.

"பழசுதான். உருகிப் பல மாசம் இருக்கும்."

"சத்தியமாவா?"

"சத்தியமாக்கா."

மாஜிதா சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அவசரத்தில் எதையோ தப்பாக அழுத்தி, ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"மாஜிதா?" என்றது துபாயிலிருந்து சமீரின் குரல். இந்த எண்ணிலிருந்து அழைப்பு வருமென்று எதிர்பாராத குரல்.

"எஸ் வளைவுல இருக்கேன். நானே ஓட்டிப் பாத்தேங்க."

எப்சிபாவின் கையிலிருந்த வயரைப் பார்த்தபடியே மாஜிதா தொடர்ந்தாள்.

"அன்னைக்கு எங்க வாப்பாவுக்கு நெஞ்சுவலின்னு திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போம்போது இங்கதான் வண்டி இழுக்கலைன்னு சொன்னீங்க. நம்பல. மையித்த நடுவீட்டுல கெடத்தி வச்சுக்கிட்டு, எல்லார் முன்னாலயும், வேணும்னே மெதுவாப் போய்க் கொன்னுட்டீங்கன்னு சொன்னேன். இழுக்கலைங்க. எனக்கும் இழுக்கல."

எப்சிபா உருகிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

 சமீரின் குரல் உடைந்து வந்தது.

"திரும்பும்போது எறக்கம்லா மாஜிதா. மெதுவாப் போ."